சிறு டிராக்டரும் மண் சுமையும்: ஒரு பௌதிகப் பாடம்

மண்ணை வெட்டுதல், அள்ளுதல், சுமத்தல், கொட்டுதல் ஆகிய நான்கும் மனிதன் பயிர்த்தொழில் தொடங்கிய நாள் முதல் செய்துவரும் வேலைகள். நம் ஊர்ப்புறங்களில் மண்வெட்டியும் கடப்பாரையும் கூடையும் இவற்றுக்குப் போதுமான கருவிகளாக இருந்தன. இன்றோ ஒரு சிறு டிராக்டரின் முன்புறத்தில் பூட்டிய லோடர் இந்நான்கையும் செய்துவிடுகிறது. அப்பொறி எவ்வாறு இயங்குகிறது, அதன் வலிமை எங்கே முடிகிறது, எப்போது அது உயிருக்கே உலை வைக்கிறது என்னும் மூன்று கேள்விகளுக்கும், பள்ளியில் நாம் கற்ற நெம்புகோல் பாடத்தைக் கொண்டே விடை காண முயல்வோம்.

தில்லியில் வாழும் நமக்கு இப்பாடம் தொலைவில் உள்ளதன்று. கிட்வாய் நகரையே எடுத்துக்கொள்வோம். நேரு அமைச்சரவையில் உணவு அமைச்சராக இருந்து 1954-இல் மறைந்த இரஃபி அகமது கிட்வாயின் பெயர் தாங்கிய குடியிருப்பு அது. அடுத்துள்ள லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருப்பதால், தமிழர் பலருக்குப் பழகிய பகுதி. கிழக்கு கிட்வாய் நகரில் சுமார் 86 ஏக்கர் பரப்பில் இருந்த பழைய தாழ்ந்த வீடுகள் 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இடிக்கப்பட்டு, உயர்ந்த மாடிக் கட்டடங்கள் எழுந்தன. அத்தகைய ஆழமான கடைக்கால்களைத் தோண்டுவது பெரிய பொறிகளின் வேலை. ஆனால் கட்டடம் எழுந்த பிறகு வடிகால் மூடவும், பூங்காவுக்கு மண் பரப்பவும், மேடு பள்ளம் சமன் செய்யவும் சந்துக்குள் நுழையக்கூடிய சிறு வண்டியே வேண்டும். அவ்விடத்தில்தான் நம் சிறு டிராக்டர் வருகிறது.

பெரிய பொறிகளைத் தமிழ்நாட்டில் 'பொக்லைன்' என்றும் 'ஜேசிபி' என்றும் மக்கள் அழைக்கின்றனர். இரண்டும் நிறுவனப் பெயர்களே. பொக்லைன் பிரெஞ்சு நாட்டது. ஜேசிபி என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவர் 1945-இல் இங்கிலாந்தில் தொடங்கிய நிறுவனம். டிராக்டரின் முன்னே அள்ளும் பக்கெட்டும் பின்னே தோண்டும் கையும் சேர்ந்த பொறியை அது 1953-இல் வெளியிட்டது. 1979-இல் தில்லிக்குத் தெற்கேயுள்ள பல்லப்கட்டில் அதன் இந்தியத் தொழிற்சாலை தோன்றியது. டிராக்டரை மண் அள்ளும் பொறியாக்கிய அந்த எண்ணமே இன்றைய சிறு லோடருக்கும் அடிப்படை.

முதலில் சுமையை அறிவோம். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் கொண்ட ஒரு குழி வெட்ட வேண்டும் எனக் கொள்வோம். குழியின் அளவு 6 கன மீட்டர். வெட்டாத மண் கன மீட்டருக்குச் சுமார் 1,800 கிலோ இருக்கும். ஆகவே மொத்தம் 10,800 கிலோ. தலைக்கு 20 கிலோ கூடை என்றால் 540 கூடைகள். வெட்டிய மண் தளர்ந்து பருக்கும் என்பதையும் மறக்கலாகாது. சாதாரண மண் கால் பங்கு பருத்தால், 6 கன மீட்டர் குழியிலிருந்து 7.5 கன மீட்டர் மண் வெளிவரும். வெட்டிய குழியிலேயே அம்மண் முழுவதும் உடனே திரும்பி அடங்காததற்குக் காரணம் இதுவே. கன மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கொள்ளும் பக்கெட் ஒன்று, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 290 கிலோ மண்ணை எடுக்கும். 540 கூடையின் வேலை 38 நடையில் முடியும். கழுத்தும் முதுகும் நோகச் சுமந்தவர்களுக்கு இது எத்துணைப் பெரிய விடுதலை என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி வலிமை. லோடரின் கைகளை உயர்த்துவது எண்ணெய் அழுத்தம். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகப் பரவும் என்னும் பாஸ்கலின் விதியை நாம் அறிவோம். சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தமும், 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டும் இருந்தால், ஒரு சிலிண்டர் சுமார் 2,940 கிலோ விசையைத் தரும். இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து 5,880 கிலோ. ஆயினும் சிலிண்டர் கையின் மூட்டுக்கு அருகிலும், பக்கெட் கையின் நுனியிலும் உள்ளன. நெம்புகோல் விகிதம் ஆறுக்கு ஒன்று எனக் கொண்டால், நுனியில் கிடைப்பது 980 கிலோ. கையின் சொந்த எடைக்காக 100 கிலோவைக் கழித்தாலும் 880 மிஞ்சுகிறது.

அப்படியானால் 880 கிலோ மண்ணை இப்பொறி சுமக்குமா? சுமக்காது. தூக்கும் வலிமை வேறு, தாங்கும் வலிமை வேறு. இப்பாடத்தின் உயிர்நிலை இதுதான்.

கணக்கிற்காக ஒரு டிராக்டரை அமைத்துக்கொள்வோம். ஓட்டுநருடன் அதன் எடை 1,000 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.5 மீட்டர். எடையில் 600 கிலோ பின் சக்கரங்களின் மேலும் 400 கிலோ முன் சக்கரங்களின் மேலும் இருக்கின்றன. எனவே புவியீர்ப்பு மையம் முன் அச்சுக்கு 0.9 மீட்டர் பின்னால் உள்ளது. லோடரின் எடை 200 கிலோ. அதன் மையம் முன் அச்சுக்கு 0.6 மீட்டர் முன்னால். பக்கெட்டில் உள்ள மண்ணின் மையம் 1.2 மீட்டர் முன்னால். முன் அச்சே இந்தத் துலாக்கோலின் ஆதாரம். பின்புறத் திருப்புதிறன் 900. முன்புறத்தில் லோடர் மட்டும் 120. மிஞ்சிய 780-ஐ 1.2-ஆல் வகுத்தால் 650. அதாவது 650 கிலோ மண் ஏறியதும் பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். எண்ணெய் அழுத்தம் 880 கிலோவைத் தூக்க வல்லதாயினும், வண்டி அதற்கு முன்பே குப்புறச் சாயத் தொடங்கிவிடும்.

பாதிக்கும் குறைவாக, 300 கிலோ மட்டும் ஏற்றுவோம். அப்போது பின் சக்கரங்களின் மேல் எஞ்சும் எடை எவ்வளவு? 900-லிருந்து 480-ஐக் கழித்து 1.5-ஆல் வகுத்தால் 280 கிலோ. முன்பு 600 இருந்த இடத்தில் இப்போது 280! பல சிறு டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே உண்டு என்பதை இங்கே நினைவிற் கொள்க. உராய்வு எடையைப் பொறுத்தது. எடை பாதியானால் பிரேக்கின் பிடியும் பாதியாகும். கிட்வாய் நகரில் வடிகால் ஒன்றை மூடிக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவரிடம், வண்டியின் பின்னால் கல் நிரப்பிய இரும்புப் பெட்டி எதற்கு என்று கேட்டேன். அது இல்லாவிட்டால் சரிவில் வண்டி நிற்காது என்று ஒரே வாக்கியத்தில் விடை சொன்னார். பௌதிகப் புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

அந்தப் பெட்டியைக் கணக்கில் சேர்ப்போம். 200 கிலோ எடை, பின் அச்சுக்கு 0.8 மீட்டர் பின்னால், அதாவது ஆதாரத்திலிருந்து 2.3 மீட்டர் தொலைவில். பின் சக்கரங்களின் எடை 280-லிருந்து 587 கிலோவாக உயர்கிறது. இதில் ஒரு நுட்பமும் உண்டு. வண்டியின் மொத்த எடை கூடியும், முன் அச்சின் மேல் உள்ள பாரம் 1,220-லிருந்து 1,113 கிலோவாகக் குறைகிறது. பின்னால் தொங்கும் எடை முன் அச்சுக்கும் ஓய்வு தருகிறது.

முன்னே குப்புறச் சாய்வதைவிடக் கொடியது பக்கவாட்டில் கவிழ்வது. டிராக்டருக்கு நான்கு சக்கரங்கள் இருப்பினும், அது நிற்பது ஒரு முக்கோணத்தின் மேல்தான். முன் அச்சு நடுவில் உள்ள ஒரு முளையின் மேல் இருபுறமும் ஆடுகிறது. ஆகவே இரு பின் சக்கரங்களும் அந்த முளையுமே தாங்கும் மூன்று புள்ளிகள். முக்கோணம் முன்னே போகப் போகக் குறுகும். பக்கெட்டில் சுமை ஏறும்போது புவியீர்ப்பு மையம் அந்தக் குறுகிய முனையை நோக்கி நகர்கிறது. பின் சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர் என்றால், லோடர் இல்லாத வண்டியில் மையத்துக்கும் முக்கோணத்தின் விளிம்புக்கும் இடையே 36 சென்டிமீட்டர் உண்டு. 300 கிலோ மண்ணுடன் அது 11 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. பின் எடை வைத்தால் 21.

இனி உயரத்தைச் சேர்ப்போம். பக்கெட் தரையை ஒட்டியிருக்கையில் மையத்தின் உயரம் 0.6 மீட்டர் என்று கொண்டால், பின் எடையுள்ள வண்டி ஏறத்தாழ 19 பாகை சாயும் வரை தாங்கும். பக்கெட்டை 2 மீட்டர் உயர்த்தினால் 11 பாகையே தாங்கும். பின் எடையும் இன்றிப் பக்கெட்டையும் உயர்த்தினால் 6 பாகைக்கும் குறைவு. ஒரு பக்கப் பின் சக்கரம் 12 சென்டிமீட்டர் இறங்கினாலே அச்சாய்வு வந்துவிடும். அரைச் சாண் பள்ளம்! முளையின் உயரத்தை விட்டுவிட்ட தோராயக் கணக்கே இது. ஆயினும் அது சுட்டும் திசை தவறாது. தில்லித் தெருவில் அரைச் சாண் பள்ளத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதை நண்பர்கள் அறிவர்.

இக்கணக்கிலிருந்து விதிகள் தாமே பிறக்கின்றன. சுமையுடன் செல்லும்போது பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயர்த்தலாகாது. கொட்டும் இடத்தில் வண்டி நின்ற பிறகே உயர்த்த வேண்டும். பின் எடை இன்றி வேலை தொடங்கலாகாது. சரிவில் குறுக்காகச் செல்லாமல் நேராகவே ஏறி இறங்க வேண்டும். சுமையுள்ள முனை எப்போதும் மேட்டுப் பக்கம் இருத்தல் வேண்டும். மழையில் நனைந்த மண் எடை மிகுந்தது. அதைக் குவியலாக அள்ளாமல் குறைத்தே அள்ளுக. கெட்டி மண்ணைப் பக்கெட்டால் முட்டித் தோண்டுவது பொறிக்கும் கேடு, வேலைக்கும் தாமதம். முதலில் கொக்கிக் கலப்பையால் உழுது இளக்கி, பிறகு அள்ளுவதே முறை. பழஞ்சுவர் அருகிலோ குழாய் புதைந்த இடத்திலோ மண்வெட்டி பிடித்த கைக்கு ஈடான பொறி இன்னும் இல்லை.

குழியின் ஓரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய இரண்டு டன் என்று கண்டோம். மார்பளவு மண் சரிந்தாலே மூச்சு விரியாது. ஆகவே ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழியில் பக்கச் சுவரைச் சரிவாக வெட்டுதல் அல்லது பலகை கொடுத்துத் தாங்குதல் வேண்டும். அள்ளிய மண்ணை விளிம்பிலேயே குவித்தலும், டிராக்டரை விளிம்புக்கு அருகே கொண்டுசெல்லுதலும், உள்ளே நிற்பவரின் தலைமேல் பாரம் ஏற்றுவதற்குச் சமம்.

இவை வெறும் எச்சரிக்கைகள் அல்ல என்பதற்குச் சுவீடன் நாடு சான்று. ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் புதிய டிராக்டர்களில் இருந்தே தீர வேண்டும் என்று 1959-இல் அந்நாடு விதித்தது. அதன் பின் டிராக்டர் கவிழ்ந்து மாண்டோர் தொகை அங்கே வெகுவாகக் குறைந்தது. சட்டம் இருந்தும் இருக்கைப் பட்டையை அணியாதவரை அது காக்காது. கவிழும் வண்டி அவரை வெளியே எறிந்து, அதே சட்டத்தின் கீழேயே நசுக்கக்கூடும்.

திருப்புதிறனைத் தேர்வுத் தாளில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அதே திருப்புதிறன்தான் தெருவில் ஒரு தொழிலாளி மாலையில் வீடு திரும்புவாரா என்பதை முடிவு செய்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் பலரின் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ டிராக்டர் இருக்கும். லோடர் பூட்ட எண்ணுவோரிடம், அது எவ்வளவு தூக்கும் என்று கேட்பதற்கு முன், பின்னால் எவ்வளவு எடை தொங்குகிறது என்று கேளுங்கள். அதற்கான காரணத்தையும் தமிழில், கணக்குடன் எடுத்துச் சொல்லுங்கள். நாம் கற்ற பௌதிகம் அன்றைக்கே பயன்பட்டுவிடும்.