கையெழுத்தில் இடம் தரும் மூத்தவர்

தம்பி,

சிவகாசியில் பட்டாசு லேபிள் டிசைன் செய்யும் வேலையில் இருந்துகொண்டு, ‘ஷிரோபாகோ’ அனிமே தொடரின் எட்டாவது எபிசோடைப் பார்த்து ஆறுதல் தேடுவது சிறுபிள்ளைத்தனமோ என்று கேட்டிருக்கிறாய். இல்லை. 2014இல் வந்த அந்தத் தொடரில் எமா என்ற இளம் ஓவியர் வேகமாக வரையப் பார்க்கிறாள்; கோடு தளர்கிறது. பூனை வரும் காட்சி திருத்தத்துக்குத் திரும்புகிறது. பயத்தில் கை ஓட மறுக்கும்போது, மூத்த ஓவியர் இகுச்சி அவளை வெளியே நடக்கக் கூட்டிப் போகிறார். ஆனாலும் காட்சியை வரைந்து முடிப்பவள் எமாதான். உனக்கு ஆறுதல் தந்தது இந்தத் துணை. தொழில் கற்பவர் எவருக்கும் இது உரிமையாகக் கிடைக்க வேண்டியது.

கதைக்குச் சரி, தீபாவளி ஆர்டர் குவியும் அச்சகத்தில் இதற்கெல்லாம் யாருக்கு நேரம் என்பார்கள். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டியபடி வந்து கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டையராஜுவை (1898–1976) நினைத்துப் பார். சிவகாசியில் அச்சான சாமி காலண்டர்களுக்கு வரைந்தவர் அவர். அதுவும் கெடு வைத்த வியாபார வேலைதான். ஆனாலும் சீடர்களைக் கூடவே வைத்துக்கொண்டு வளர்த்தார். டி.எஸ். சுப்பையா போன்றோரின் பெயர் குருவின் பெயரோடு சேர்ந்தே படத்தின் மூலையில் அச்சாகி வீடுகளுக்குப் போனது. புகழில் மட்டுமல்ல, குறை சொன்னால் அதிலும் பங்கு என்பதற்கான கையெழுத்து அது.

திட்டி வளர்த்தால்தான் தொழில் படியும் என்ற வாதமும் உண்டு. கண்டிப்பு வேண்டும்தான், பயம் வேறு. அச்சில் நாலு நிறமும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று உட்காராவிட்டால் எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ பிசிறாக எட்டிப் பார்க்கும். ப்ரூஃபில் கண்டுவிட்டால் போவது ஒரு தாள். மெஷின் ஓடியபின் கண்டால் ரீம் ரீமாகக் கழிவு. திட்டுக்குப் பயந்தவன் சந்தேகத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வான். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் ஷெட்டில் புதியவர் அப்படிக் கேட்கத் தயங்கினால் போவது உயிர். இந்த வட்டாரத்துக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்பாகப் பேசி உழைப்பை வாங்கிக்கொண்டு பெயரை மறைப்பவர்களும் இருக்கிறார்கள். பேச்சை வைத்து ஆளை எடை போடாதே. தவறு நேர்ந்த நாளில் முதலாளி முன்னால் உன் பக்கத்தில் நிற்கிறாரா என்று பார். அப்படி ஓர் அண்ணாச்சி உன் அச்சகத்தில் இருந்தால், அடுத்த ப்ரூஃபை முதலில் அவரிடம் கொண்டுபோய்க் காட்டு. உனக்குப் பின் சேருபவர் உன்னிடம் கொண்டுவரும்போது, கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்.