வாயும் வயிறும் வேறு: எதிர்ப்பாற்றல் மரபணுக்கள் சொல்லும் பாடம்

'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பசியைப் பற்றிச் சொன்ன இந்த வார்த்தை நோய் எதிர்ப்பாற்றலுக்கும் பொருந்துகிறது. ஒரே வீட்டில் ஒரே சோற்றை உண்டு வளர்ந்தவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் இரண்டு நாளில் தணிகிறது; மற்றொருவர் ஒரு வாரம் படுத்துவிடுகிறார். ஒரே மாத்திரை ஒருவரைக் குணப்படுத்துகிறது. இன்னொருவரின் உயிருக்கே உலை வைக்கிறது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முக்கியமான ஒன்று, எச்.எல்.ஏ. எனப்படும் மரபணுத் தொகுதி.

எச்.எல்.ஏ. என்பது என்ன?

இம்மரபணுக்கள் நமது ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக அமைந்துள்ளன. வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் ஆளுக்கு ஆள் மாறுபடும் அடையாளங்கள் உள்ளன என்பதை 1958-இல் முதலில் கண்டறிந்தவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே. இதற்காக 1980-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த மரபணுக்கள் உருவாக்கும் புரதங்களை ஒரு தட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். உயிரணு தனக்குள் இருக்கும் புரதங்களின் சிறு துணுக்குகளை இத்தட்டில் வைத்து வெளியே நீட்டுகிறது. சுற்றிவரும் டி அணுக்கள் அதைப் பார்வையிடுகின்றன. தட்டில் இருப்பது நம் சொந்தச் சரக்கு என்றால் பேசாமல் போய்விடும். கிருமியின் துணுக்கு என்றால் அந்த உயிரணுவையே அழித்துவிடும். டி அணு கிருமியின் துணுக்கை மட்டும் பார்ப்பதில்லை, தட்டையும் சேர்த்தே பார்க்கிறது என்பதைப் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் 1974-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் எலிகளைக் கொண்டு நிறுவினர். 1996-இல் அவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வேறுபாடே பாதுகாப்பு

எல்லாருடைய தட்டும் ஒரே வடிவில் இருப்பதில்லை. ஏ, பி, ஓ இரத்த வகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எச்.எல்.ஏ. மரபணுக்களிலோ இதுவரை 40,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் பதிவாகியுள்ளன. ஒருவரின் தட்டில் பொருந்தாமல் நழுவும் கிருமித் துணுக்கு மற்றொருவரின் தட்டில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். ஆகவே, ஒரு கொள்ளை நோய் வந்தாலும் ஓர் இனமே அடியோடு அழிந்துவிடாமல் இவ்வேறுபாடு துணைநிற்கிறது.

அப்படியானால் 'நல்ல' மரபணு எது, 'கெட்ட' மரபணு எது? பி27 என்னும் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். முதுகெலும்பை இறுகச் செய்யும் ஒருவகை மூட்டு வாதத்திற்கும் இதற்கும் தொடர்புண்டு என்பது 1973-இல் தெரியவந்தது. ஆயினும் பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்நோய் வருவதே இல்லை. மேலும், எச்.ஐ.வி. தொற்றியவர்களுள் இதே பி27 உள்ளவர்களிடம் நோய் மெதுவாக முற்றுவது கண்டறியப்பட்டுள்ளது. ஓரிடத்தில் வம்பாக இருப்பது வேறோரிடத்தில் வரமாகிறது.

மருந்தே நஞ்சாகும்போது

வலிப்பு நோய்க்கும் சில நரம்பு வலிகளுக்கும் கொடுக்கப்படும் கார்பமாசெபின் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ள மருந்து. மிகச் சிலருக்கு இம்மருந்தால் தோலும் வாயும் கண்ணும் கொப்புளித்து, தோல் உரிந்து, உயிருக்கே ஆபத்து நேர்கிறது. இதற்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி என்று பெயர். தைவானில் இவ்வாறு பாதிக்கப்பட்ட 44 பேரை ஆராய்ந்தபோது, 44 பேரிடமும் பி*15:02 என்னும் வடிவம் இருந்தது. இவ்வாய்வு 2004-இல் வெளிவந்தது. சீனர், மலாய்க்காரர் உள்ளிட்ட ஆசிய மக்களிடையே இவ்வடிவம் கூடுதலாகக் காணப்படுகிறது. இந்தியர்களிலும் சிலரிடம் உண்டு. சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினருக்கு இம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் இம்மரபணுவைச் சோதிப்பது வழக்கமான மருத்துவ நடைமுறை ஆக்கப்பட்டது. நம் வீட்டில் யாருக்காவது இம்மருந்து எழுதித் தரப்பட்டால், "சோதனை செய்தாயிற்றா, டாக்டர்?" என்று கேட்பதில் தவறில்லை. ஏற்கெனவே உட்கொண்டு வருபவர்கள் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

நம்மவருக்கு நம்மவரே

நம்மைக் காக்கும் இதே வேறுபாடுதான் இரத்தப் புற்றுநோயாளியின் முன் சுவராக எழுந்து நிற்கிறது. அவருக்குப் பிறருடைய எலும்பு மஜ்ஜை தேவைப்பட்டால் இரத்த வகை பொருந்தினால் மட்டும் போதாது, எச்.எல்.ஏ. பொருந்த வேண்டும். பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் பாதியே பிள்ளைக்கு வருவதால் தாயின் மஜ்ஜைகூடப் பெரும்பாலும் பாதிதான் பொருந்தும். உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பாதிப் பொருத்தத்துடன் செய்யும் சிகிச்சையும் இன்று உண்டு. ஆயினும் முழுப் பொருத்தம் உள்ள கொடையாளரைத் தேடுவது இன்றும் நின்றுவிடவில்லை.

வீட்டில் கிடைக்காவிட்டால் எங்கே தேடுவது? எச்.எல்.ஏ. வடிவங்கள் வம்சாவளியோடு சேர்ந்தே வருவதால், தமிழர் ஒருவருக்குப் பொருந்தக்கூடியவர் பெரும்பாலும் இந்திய வம்சாவளியினராகவே இருப்பார். அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரை, ஐரோப்பிய வெள்ளையருக்குப் பொருத்தமான கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு என்றும், தெற்காசியருக்கு அது 33 விழுக்காடே என்றும் கணித்தது. இது நோயின் குற்றமன்று. பெயர் கொடுத்தவர்கள் குறைவு என்பதும் இதற்கு ஒரு காரணம்.

சிங்கப்பூரில் 1993-இலும் மலேசியாவில் 2000-இலும் மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடுகள் தொடங்கப்பட்டன. சென்னையில் 2009-இல் தாத்ரி அமைப்பு தொடங்கியது. பதிவுக்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கும் மாதிரியோ சிறிதளவு இரத்தமோ போதும். மஜ்ஜையை முதுகுத்தண்டிலிருந்து எடுப்பார்கள் என்ற அச்சம் நம் பெற்றோரிடம் பரவலாக இருக்கிறது. அது தவறு. பெரும்பாலும் சில நாள் ஊசி போட்டபின், கையிலுள்ள இரத்தக் குழாய் வழியாகவே குருத்தணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். சில வேளைகளில் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பதுண்டு.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. மாற்று சிகிச்சைக்கு முன்பு நோயாளியின் சொந்த மஜ்ஜையை மருந்தால் அழித்துவிடுகிறார்கள். அந்நிலையில் கொடையாளர் பின்வாங்கினால் நோயாளி உயிர் பிழைப்பது அரிது. எனவே ஆர்வக் கோளாறில் பெயர் கொடுப்பதைவிட, வீட்டில் பேசி, மனம் தெளிந்து பெயர் கொடுப்பதே மேல்.

இளையோரின் மஜ்ஜையையே மருத்துவர்கள் விரும்புகிறார்கள். பல்கலைக்கழகத்தில் பயிலும் நாம் அந்த வயதில்தான் இருக்கிறோம். வாயும் வயிறும் வேறாக இருக்கலாம். ஆனாலும் முன்பின் அறியாத ஒருவரின் தட்டும் நம் தட்டும் ஒரே வடிவில் அமைந்திருக்கக்கூடும். பெயர் கொடுத்தால்தான் அது தெரியவரும்.