வீடியோவிலிருந்து ஒரு முகத்தை எடுத்துக் கொடுப்பது எப்படி?

"இந்த வீடியோவில் நிற்கிற ஆளை மட்டும் போட்டோவாக எடுத்துத் தர ஏலுமா?" ஸ்டூடியோ, போட்டோ கொப்பிக் கடை, கணனிக் கடை நடத்துகின்ற சகோதரர்களிடம் அடிக்கடி வருகின்ற கேள்வி இது. சிலர் "ஏலாது" என்று அனுப்பி விடுகிறார்கள். வேறு சிலர் திரையைக் கைத்தொலைபேசியால் படம் பிடித்து, மங்கலாக ஒரு பிரிண்ட் போட்டுக் காசு வாங்குகிறார்கள். இரண்டும் வேண்டாம். ஒரு ரூபாவும் செலவில்லாத மென்பொருளைக் கொண்டு ஒழுங்காகச் செய்து கொடுக்கக் கூடிய வேலை இது.

நமது பகுதியில் இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு தேவை இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சி முஸ்லிம்கள் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்ட போது அல்பங்களை யாரும் தூக்கிக் கொண்டு வரவில்லை. 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையோர வீடுகளைக் கடல் கொண்டு போனது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிடம் ஒரு படம் கூட மிஞ்சவில்லை. மிஞ்சியது எது? கலியாண வீடியோவை அந்தக் காலத்தில் ரொறன்ரோவுக்கோ இலண்டனுக்கோ புத்தளத்துக்கோ ஒரு கொப்பி அனுப்பியிருப்பார்கள். அது மட்டும்தான். அந்தக் கெசட்டின் ஏதோ ஒரு மூலையில், சாப்பாட்டுப் பந்தியில், இரண்டு விநாடி தெரிகின்ற தம்பியின் முகந்தான் அந்த வீட்டுக்கு இருக்கின்ற ஒரே படம்.

முதலில் மூலப் பிரதியைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த வீடியோ சுருக்கப்பட்டு வருகிறது. அதிலிருந்து எடுத்தால் முகத்தில் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களை அதே பைலை 'டொகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கூகிள் டிரைவில் போடச் சொல்லுங்கள். கெசட்டாகவே இருந்தால் அங்கேயே டிஜிற்றலுக்கு மாற்றி அனுப்புவது நல்லது. கனடாவில் கெசட் காலத்தில் பாவித்தது என்டிஎஸ்சி முறை, நம்முடையது பால் முறை. அங்கிருந்து வரும் கெசட் நம்முடைய பழைய டெக்கில் ஓடாமலும் போகலாம். கெசட் டெக் செய்து கொண்டிருந்த கடைசிக் கொம்பனியான ஜப்பானின் பூனாய் 2016 ஜூலையோடு நிறுத்தி விட்டது. எனவே ஓடுகின்ற டெக் ஒன்று உங்களிடம் இருந்தால் அதை விற்று விடாதீர்கள்.

படம் எடுப்பதற்குக் கீபோர்டில் 'பிரிண்ட் ஸ்கிரீன்' அழுத்துவது பழைய வழக்கம். அதில் கிடைப்பது உங்கள் திரையின் படம், வீடியோவின் படமல்ல. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வெறும் கறுப்புப் பெட்டி வந்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதை விட்டு வீஎல்சி பிளேயரைப் பாவியுங்கள். 1996இல் பிரான்சில் மாணவர்கள் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்தது, இன்றும் இலவசம். வேண்டிய இடத்துக்குக் கிட்ட வந்ததும் நிறுத்தி, 'ஈ' எழுத்தை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு படம் முன்னே நகரும். 'ஷிப்ட்'டோடு 'எஸ்' அழுத்தினால் அந்தப் படம் 'பிக்சர்ஸ்' போல்டரில் விழும். செட்டிங்கில் பிஎன்ஜி வகையாக இருக்கட்டும். ஜேபெக் வகை சேமிக்கும் போதே கொஞ்சம் தரத்தைத் தின்று விடும்.

பொறுமை இனித்தான் வேண்டும். பால் வீடியோவில் ஒரு விநாடிக்கு 25 படங்கள். ஒரு நிமிடம் என்றால் 1500. அதில் தெளிவானது நாலோ ஐந்தோதான். ஆள் நடக்கும் போது எடுக்காதீர்கள். குடும்பப் படத்துக்கு எல்லோரும் அசையாமல் நிற்கும் இடத்தைத் தேடுங்கள். போட்டோக்காரரின் பிளாஷ் அடித்த இடத்தில் படம் வெளுத்திருக்கும். அதற்கு ஒன்றிரண்டு படம் முன்னாலோ பின்னாலோ பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் எல்லோரும் கண்ணைத் திறந்து கெமராவைப் பார்க்கிறார்கள்.

பழைய வீடியோவில் முகத்தின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். அது பழுதல்ல. அந்தக் கெமராக்கள் ஒரு படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக எடுத்தவை. ஆள் அசைந்தால் இரண்டு பாதியும் பொருந்தாது. வீஎல்சியில் 'வீடியோ' மெனுவில் 'டீஇன்டர்லேஸ்' என்பதை ஓன் செய்து விட்டுப் பிறகு எடுத்தால் கோடு போய் விடும்.

அளவில்தான் வாடிக்கையாளருக்கும் நமக்கும் பிரச்சினை வருகிறது. டீவீடித் தரத்தில் ஒரு படத்துக்கு 720க்கு 576 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல பிரிண்டில் அது சுமார் 2.4 அங்குல அகலம் மட்டுமே. வீசீடி என்றால் அதிலும் பாதி. நாலுக்கு ஆறு பிரிண்டுக்கு 1800க்கு 1200 புள்ளி வேண்டும். கூட்டத்தில் நிற்பவரின் முகம் 75 புள்ளி அகலந்தான் இருக்கும். அதைப் பெரிய பிரேமுக்கு இழுத்தால் கஞ்சி போலாகும். ஆளைத் தோள் வரை வெட்டி, சின்ன அளவில் போட்டு, சுற்றி அகலமான வெள்ளை அட்டை வைத்துப் பிரேம் செய்து கொடுங்கள். பார்ப்பதற்கு மரியாதையாக இருக்கும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு அப்களில் ஒரு தட்டுத் தட்டினால் மங்கல் முகம் பளபளவென்று வருகிறது. நான் இதில் கண்டிப்பானவன். அந்த அப்புக்கு அந்த ஆளைத் தெரியாது. இல்லாத கண்ணையும் பல்லையும் அது தானாக வரைகிறது. கிடைப்பது அழகான வேறொருவர். என் கடையில் ஒரு தாய் அப்படிச் செய்த படம் ஒன்றைப் பார்த்து, "தம்பி, இது என்ர பிள்ளை இல்லை" என்று திருப்பித் தந்தார். வெளிச்சம் கூட்டலாம், நிறம் சரி செய்யலாம், அதோடு நிறுத்துங்கள். 2017 பெப்ரவரியில் தொடங்கி கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் அமர்ந்த உறவுகள் கையில் ஏந்தியது இப்படியான படங்களைத்தான். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கோ பொலிஸுக்கோ கொடுக்கப் போகும் படமென்றால் அப் பக்கமே போகாதீர்கள்.

கூலி விடயம். பிரிண்டுக்கு மட்டும் காசு வாங்கினால் உங்களுக்கு நட்டம், ஏனென்றால் செலவாவது தேடுகின்ற நேரம். மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டாரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தேடுங்கள். யார் எவர் என்று அவர்களுக்குத் தெரியும், உங்கள் நேரமும் பாதியாகும். இன்னொன்று, கலியாண வீடியோவில் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அவர்கள் கண் முன்னாலேயே உங்கள் கணனியிலிருந்து பைலை அழித்து விடுங்கள். இதற்காகவே என்னிடம் திரும்பி வருகின்ற குடும்பங்கள் உண்டு.

இதே முறை கடையில் பூட்டியிருக்கும் சீசீடீவி கெமராவுக்கும் பொருந்தும். களவு போனால் படத்தை மட்டும் எடுத்து வைத்துக் கொண்டு சும்மா இருக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் கருவி பழையதன் மேல் எழுதி விடும். உரிய நேரத்து வீடியோவை அன்றே பென் டிரைவில் ஏற்றுங்கள். படத்தின் பெயரில் கெமரா எண்ணையும், வீடியோவில் எத்தனையாவது நிமிடம், விநாடி என்பதையும் எழுதுங்கள். கருவியின் மணிக்கூடு பிந்தியோ முந்தியோ ஓடினால் எவ்வளவு என்பதையும் ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள்.