தேநீர், சீனி, குளோரின்: அஞ்ச வேண்டியது எது?



சென்ற திருவிழாவின்போது நமது தண்ணீர்ப் பந்தலில் தேநீர் ஆற்றிக் கொண்டிருந்த இளைஞரிடம் ஓர் அம்மையார், "தம்பி, குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கு. சுடச்சுட சீனி போட்டா அது விஷமாயிடுமாமே?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஒருவர், "அப்படியானால் இரண்டு நாள் டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரையே கொடுப்போம், குளோரின் போய்விடும்" என்றார். அம்மையாரின் கேள்வி நியாயமானது. எனக்கு அச்சத்தைத் தந்தது இரண்டாவது யோசனைதான். வகுப்பறையில் பேசிப் பழகிய நான் இங்கும் ஒரு சிறு பாடம் சொல்ல விரும்புகிறேன்.

குளோரின் ஏன் வந்தது? 1897-இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் நகரில் டைபாய்டு காய்ச்சல் பரவியபோது குடிநீர்க் குழாய்களைக் குளோரின் சேர்ந்த தூளால் தூய்மை செய்தார்கள். 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் நாள்தோறும் குளோரின் கலக்கும் முறை தொடங்கியது. நிலையத்திலிருந்து நம் வீட்டுக் குழாய் வரை வரும் வழியில் கிருமி புகாதிருக்கவே சிறிதளவு குளோரின் நீரில் விட்டு வைக்கப்படுகிறது.

அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஆற்று நீரில் இலைதழை மக்கிய பொருள்கள் கரைந்திருக்கும். அவற்றோடு குளோரின் சேர்ந்தால் குளோரோபார்ம் முதலிய துணைப்பொருள்கள் உண்டாகும் என்பதை 1974-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாமைச் சேர்ந்த ரூக் என்னும் வேதியியலாளர் வெளியிட்டார். குடிநீரில் குளோரோபார்ம் லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

இனித் தேநீர்க் குவளைக்கு வருவோம். சூடு ஏறினால் வேதிவினையின் வேகமும் கூடும். நீரில் மிச்சமிருக்கும் குளோரின், தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள்களோடு விரைந்து வினைபுரியும். சீனியோடு மெதுவாகத்தான் புரியும். ஆகவே சீனி போட்டதும் தேநீர் விஷமாகிவிடுவதில்லை. ஆனால் சரியாகக் கொதிக்காத வெந்நீரில் தேயிலையும் சீனியும் போட்டால் துணைப்பொருள்கள் ஓரளவு உண்டாக இடம் உண்டு. அதைக் குறைக்கும் வழி நம் கையிலேயே இருக்கிறது. குளோரோபார்மின் கொதிநிலை ஏறத்தாழ 61 பாகைதான். நீர் நன்றாகக் கொதிக்கும்போது அதில் பெரும்பகுதி ஆவியோடு வெளியேறும், குளோரினும் குறையும். ஆவியாகாத சில பொருள்கள் சிறிதளவு தங்கலாம்.

பந்தலிலும் வீட்டிலும் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. முதலில் வெறும் நீரைத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். மூடியைத் திறந்து சில நிமிடம் கொதிக்கட்டும். சன்னல் திறந்திருக்கட்டும்.

2. அதன் பிறகே தேயிலை; கடைசியில் சீனி.

3. குளோரின் போக வேண்டும் என்று நீரை நாட்கணக்கில் டிரம்மில் வைக்காதீர்கள். காவல் நீங்கிய நீரில் கிருமி பெருகும். கூட்டத்திற்குக் கொடுக்கும் நீரில் அதுவே பெரிய ஆபத்து.

4. ஆறிய நீரைச் சுத்தமான, மூடிய பாத்திரத்தில் வைத்து அன்றே பயன்படுத்துங்கள்.

நிறைவாக ஒன்று. குளோரினுக்கு அஞ்சும் நாம் சீனிக்கு அஞ்சுவதில்லை. உணவில் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைய சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூறியது. 2,000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 50 கிராம், அதாவது பன்னிரண்டு தேக்கரண்டி. இனிப்பான டின் பாலும் இந்தக் கணக்கில் சேரும். ஒரு குவளையில் மூன்று கரண்டி போட்டு நாலு முறை குடித்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்! நீரிழிவோடு வரும் அடியார்கள் நம்மிடையே பலர். அடுத்த திருவிழாவில் சீனியில்லாத தேநீருக்கும் தனியாக ஓர் அண்டா வைப்போம். தாகம் தீர்ப்பது தொண்டு. நோய் தராமல் தீர்ப்பதே நிறைந்த தொண்டு.