மறுபடியும் கூப்பிட வேண்டுமானால்

மெல்லிசைக் குழுவிலோ சர்ச்சிலோ ஸ்டுடியோவிலோ பாஸ் கிட்டார் வாசித்துப் பிழைக்கலாம் என்று வரும் தம்பிகளும் தங்கைகளும் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எந்த கிட்டார் வாங்கலாம்? எவ்வளவு தியரி படிக்க வேண்டும்? இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில். இன்று வாசித்த இடத்தில் உங்களை அடுத்த முறையும் கூப்பிட எது உதவுமோ, அதை வாங்குங்கள், அதைப் படியுங்கள். விரிவாகக் கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதல் கிட்டார் நான்கு கம்பியாக இருக்கட்டும். ஈ, ஏ, டி, ஜி. நம் ஊர்க் கணக்கில் 3 கட்டை, 6 கட்டை, 2 கட்டை, 5 கட்டை. இதை இன்றைக்கே மனப்பாடம் செய்துவிடுங்கள். பாடகர் உங்களிடம் ஆங்கில எழுத்தில் பேச மாட்டார், "அரைக் கட்டை இறக்கிக்கலாம்" என்பார். ஒரு கட்டை சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டரை டி ஷார்ப், நாலு எஃப், ஐந்தரை ஜி ஷார்ப் என்று யோசிக்காமல் கை போக வேண்டும்.

ஐந்தாவது கம்பி எப்போது வேண்டும்? வேலை கேட்கும்போது. இரண்டரைக் கட்டைப் பாட்டில், நான்கு கம்பி கிட்டாரில் உங்களுக்குக் கிடைக்கும் மிகத் தாழ்ந்த ச, ஏ கம்பியின் ஆறாவது ஃப்ரெட்டில் இருக்கிறது. ஐந்து கம்பியில் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ச-வும் கிடைத்துவிடும், ஐந்தாவதான பி கம்பியின் நான்காவது ஃப்ரெட்டில். கீபோர்டிலேயே பாஸ் போட்டு உருவான புதிய பாட்டுகளை வாசிக்கும் குழுவில் சேர்ந்தால் அது தேவைப்படும். ஆனால் அந்த பி கம்பியின் அதிர்வு நொடிக்கு சுமார் 31. மலிவான கிட்டாரிலும் சிறிய ஸ்பீக்கரிலும் அது சுரமாகக் கேட்காது, வெறும் உறுமலாகத்தான் கேட்கும். மலிவான ஐந்து கம்பியைவிட நல்ல நான்கு கம்பி மேல். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

2. பிக்கப்பைப் பார்த்து வாங்குங்கள், பெயிண்டைப் பார்த்து வேண்டாம். உலகத்தில் விற்கும் பாஸ் கிட்டார்களில் பெரும்பாலானவை ஃபெண்டரின் இரண்டு மாதிரிகளுக்கு உறவு. ஒன்று 1951இல் வந்த பிரசிஷன், இன்னொன்று 1960இல் வந்த ஜாஸ் பாஸ். பிரசிஷனில் 1957 முதல் வருவது இரண்டாகப் பிளந்த பிக்கப். ஒரு பாதி வாங்கும் இரைச்சலை மறு பாதி ரத்து செய்துவிடும். ஜாஸ் பாஸில் இரண்டு ஒற்றைக் காயில்கள். இரண்டையும் சமமாகத் திறந்து வைத்தால் இரைச்சல் அடங்கும். ஒன்றை மட்டும் திறந்தால் "ம்ம்ம்" என்று ஆரம்பித்துவிடும். வீட்டில் இது பெரிய விஷயமில்லை. திருவிழா மேடையில் சீரியல் செட், டிம்மர், ஜெனரேட்டர் எல்லாம் பக்கத்திலேயே ஓடும்போது பெரிய விஷயம். ஊர் ஊராகப் போகிறவருக்கு நான் பிரசிஷன் வகையைச் சொல்வேன். ஸ்டுடியோவில் பல நிறம் கேட்பார்கள், அங்கே ஜாஸ் பாஸ் கை கொடுக்கும்.

பேட்டரி போடும் ஆக்டிவ் கிட்டார் என்றால் ஒன்று நினைவில் இருக்கட்டும். கேபிளைச் செருகி வைத்திருக்கும் வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். இடைவேளையில் கேபிளைப் பிடுங்குங்கள், புது 9 வோல்ட் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

3. சிறிய கை உள்ளவர்கள் தயங்க வேண்டாம். வழக்கமான கம்பி நீளம் 34 அங்குலம். 30 அங்குலத்திலும் கிட்டார் உண்டு. பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ ஹாஃப்னர் அந்த அளவுதான், அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எடையையும் பாருங்கள். மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், தோள்பட்டை உங்களுடையது. அகலமான பட்டை வாங்குங்கள்.

4. பழைய கிட்டார் வாங்கும்போது ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி வாசித்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பாஸ் கம்பிகள் நான்கும் சேர்ந்து கழுத்தை 70, 80 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதை எதிர்த்து நிற்பது உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி. அது திரும்பாமல் இறுகிப் போயிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டை அழுத்திய சுரமும் அதே இடத்தின் ஹார்மோனிக்கும் ட்யூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பிரிட்ஜில் சரிசெய்யலாம், பயப்பட வேண்டாம். கையில் இருக்கும் பணம் முழுவதையும் கிட்டாரில் போட்டுவிடாதீர்கள். செட்டப் செய்யவும் நல்ல கேபிளுக்கும் ட்யூனருக்கும் மிச்சம் வையுங்கள். வாசித்து முடித்ததும் கம்பியைத் துடையுங்கள். கடலோர ஊர்களில் வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் எந்தக் கம்பெனிக் கம்பியும் சீக்கிரம் செத்துவிடும்.

5. இனி தியரி. முதலில் உங்கள் அதிகாரம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். மேலே கிட்டார்க்காரர் சி மேஜர் பிடிக்கிறார், அதாவது சி, ஈ, ஜி. நீங்கள் கீழே சி வாசித்தால் அது சி மேஜர். நீங்கள் ஏ வாசித்தால் அதே மூன்று சுரமும் ஏ மைனர் செவன்த் ஆகிவிடும். அவர் விரலை அசைக்கவே இல்லை, பெயர் மாறிவிட்டது. நீங்கள் ஈ வாசித்தால் மேஜர் மேஜராகவே இருக்கும், ஆனால் தரையில் கால் ஊன்றாமல் அடுத்த கார்டை எதிர்பார்த்து நிற்கும். ஆக, ஒரு கார்டுக்கு இறுதிப் பெயர் வைப்பது பாஸ் வாசிப்பவர். மேடையில் யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். நீங்கள் தவறான சுரத்தில் நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

எனவே முதல் ஆறு மாதம் ச, ப, மேல் ச இந்த மூன்றையும் எல்லாக் கட்டையிலும் வாசியுங்கள். சலிப்பாக இருக்கும். சம்பளம் இதற்குத்தான் தருகிறார்கள்.

6. பாட்டை எழுத்தில் படிக்காதீர்கள், இடத்தில் படியுங்கள். மேடையில் நடப்பதைச் சொல்கிறேன். பாடகருக்கு அன்று தொண்டை சரியில்லை, அரைக் கட்டை குறைக்கச் சொல்கிறார். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு தட்டு தட்டுவார். கிட்டார்க்காரர் கழுத்தில் மாட்டிய கேப்போவை நகர்த்துவார். அவர்கள் இருவரும் பழகிய விரலிலேயே வாசிக்கலாம். பாஸுக்கு அந்தப் பொத்தான் கிடையாது. அதைவிட ஆபத்து, கிட்டார்க்காரரின் கையைப் பார்த்து வாசிப்பது. மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு அவர் ஜி வடிவம் பிடித்தால் ஒலிப்பது ஏ ஷார்ப். கையைப் பார்த்து நீங்கள் ஜி வாசித்தால் கதை முடிந்தது.

இதற்கு மருந்து எண்கள். அமெரிக்காவில் நாஷ்வில் ஸ்டுடியோக்காரர்கள் 1950களின் பிற்பகுதியிலிருந்தே கார்டுகளுக்கு எழுத்தை விட்டுவிட்டு எண் போட்டு எழுதினார்கள். ஒன்று, ஆறு, நான்கு, ஐந்து. சி ஸ்கேலில் அது சி, ஏ மைனர், எஃப், ஜி. டி ஸ்கேலில் டி, பி மைனர், ஜி, ஏ. எண் மாறவில்லை, கை வடிவமும் மாறவில்லை, இடம்தான் மாறியது. நமக்கு இது புதிய வித்தையே அல்ல. ச, த, ம, ப என்று பாடிப் பாருங்கள், அதேதான். கர்நாடக சங்கீதத்தில் கொஞ்சம் பழக்கம் இருந்தால் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். சங்கராபரணம் தெரிந்தவருக்கு மேஜர் ஸ்கேல் தெரியும். நடபைரவி நேச்சுரல் மைனர், கீரவாணி ஹார்மோனிக் மைனர், கரகரப்ரியா டோரியன், ஹரிகாம்போதி மிக்ஸோலிடியன். ராகம் என்பது ஸ்கேல் மட்டும் அல்ல என்று வித்வான்கள் கோபித்துக்கொள்வார்கள், அவர்கள் சொல்வது சரி. நமக்கு இப்போதைக்கு விரல் போக வழி தெரிந்தால் போதும்.

7. இடையில் நிரப்பும் சுரங்களில் கஞ்சத்தனம் காட்டுங்கள். மோகன ராகத்தில் அமைந்த பாட்டு ஓடுகிறது. அதில் ம-வும் நி-யும் கிடையாது. ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மேஜர் ஸ்கேலில் இருக்கிறதே என்று நீங்களாக ம-வைத் தொட்டால், பாடகி முதலில் முகத்தைச் சுளிப்பார். இசையமைப்பாளரே அங்கே நான்காவது கார்டைப் போட்டிருந்தால் ம-வில் தாராளமாக நில்லுங்கள், அது அவர் முடிவு. உங்கள் சொந்தச் சரக்காக வேண்டாம்.

இன்னொன்று, காந்தாரம் மேஜரையும் மைனரையும் பிரிக்கிற சுரம். மிகத் தாழ்ந்த ஸ்தாயியில் ச-வையும் க-வையும் ஒன்றாக அடித்தால் குழம்பிய சத்தம்தான் வரும். க-வை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசியுங்கள், தெளிந்துவிடும்.

8. ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ட்ரூப்பில் இது இல்லாமலே காலம் தள்ளிவிடலாம். ஸ்டுடியோவில் முடியாது. பாஸ் க்ளெஃப் ஒன்று போதும். எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி கீழே பாஸ் கிட்டார் ஒலிக்கும் என்பது மட்டும் தெரிந்திருந்தால், பியானோக்காரரோடு வீண் சண்டை வராது.

இளையராஜாவின் பாட்டுகளில் பாஸ் ஏன் தனி மெட்டாக நடக்கிறது என்று கேட்கிறார்கள். அதை அவர் எழுதிவிடுகிறார், அதுதான் காரணம். அவரிடம் நெடுங்காலம் வாசித்த சசிதரனின் பாஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். பிறகு ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததைக் கேளுங்கள். இரண்டு பேரும் எங்கே வாசிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று குறித்துவையுங்கள். ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு நொடிக்கு 41, உங்கள் போன் ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. மேல் அதிர்வுகளைக் கேட்டு உங்கள் காது மிச்சத்தை ஊகித்துக்கொள்கிறது. ஊகத்தை நம்பி நொட்டேஷன் எழுதாதீர்கள்.

9. சுரம் எப்போது தொடங்குகிறது என்பதில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். எப்போது நிற்கிறது என்பதில்தான் தேர்ந்தவர் தெரிவார். ட்ரம்ஸின் கிக்கோடு சேர்ந்து தொடங்கி, ஸ்நேர் விழும் கணத்தில் கம்பியை அமுக்கிப் பாருங்கள். அதே சுரம், அதே வேகம், ஆனால் பாட்டு நடக்க ஆரம்பிக்கும். தபேலா இருந்தால் இடது கை டக்காவைக் கேளுங்கள், அதுவும் உங்கள் பகுதியில் குடியிருக்கிறது. தவிலும் பறையும் முழங்கும் குத்துப் பாட்டில் கீழ்த்தளம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அங்கே குறைவாகவும் குட்டையாகவும் வாசியுங்கள்.

10. மேடையில் உங்களுக்கு நன்றாகக் கேட்கிறது என்பதற்காக ஜனங்களுக்கும் கேட்கிறது என்று நினைக்காதீர்கள். ஈ கம்பியின் ஒலி அலை ஒன்றின் நீளமே எட்டு மீட்டருக்கு மேல். ஆம்ப் பக்கத்தில் மெலிந்து கேட்பது பத்தாவது வரிசையில் குமுறும். பாஸ் நாபைத் திருகாமல் மிட்-ஐக் கொஞ்சம் ஏற்றுங்கள், சுரம் அடையாளம் தெரியும். கிட்டாரை நேராக மிக்ஸரில் இணைக்க, சொந்தமாக ஒரு டிஐ பாக்ஸ் வாங்கிவையுங்கள். மைக் செட்காரரிடம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், ஆனால் அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். உங்கள் சத்தம் அவர் கையில்தான் இருக்கிறது.

11. உயிரையும் காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டே மைக்கில் வாய் வைத்தால் ஷாக் அடிக்கும் மேடைகள் இன்றும் இருக்கின்றன, எர்த் சரியில்லாததால். ஹார்மனி பாடுகிறவர்கள் முதலில் மைக்கின் வலையை டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சரிசெய்யும்வரை ஏறாதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும் சரி. காதைப் பொறுத்தவரை, 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் கால் மணி நேரம்தான். சிம்பலுக்குப் பக்கத்தில் நிற்கும் உங்களுக்குக் காதடைப்பான் ஆடம்பரம் அல்ல.

12. ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர் டெட்ராய்ட்டில் இருந்தார். மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் 1960களின் வெற்றிப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர்தான் பாஸ். 1962 மாடல் பிரசிஷன் ஒன்று, அபூர்வமாகவே மாற்றிய ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள், வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். இத்தனை போதும் என்பதற்கு அவர் சாட்சி. கிட்டார் மாற்றினால் வாசிப்பு மாறும் என்று நம்புகிறவர்கள் அவரைக் கேட்கட்டும். ஆனால் அந்த இசைத்தட்டுகள் உலகமெல்லாம் விற்றபோதும் உறையில் அவர் பெயர் இல்லை. மார்வின் கேயின் 1971 ஆல்பத்தில்தான் முதன்முதலாக அச்சிட்டார்கள்.

ஆகவே பதிவுக்கு வாசிக்கப் போகும்போது சம்பளத்தை முன்பே பேசுங்கள். வாசித்து முடித்ததும் உங்கள் பெயரை எங்கே போடப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.