கம்ப்யூட்டருக்கும் ஓர் இணைப்பு மொழி



எங்கள் கட்டிடத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கும் ஒரு பெண் சென்ற மாதம் என்னிடம் வந்தாள். "மாமா, தமிழ்ச் சொற்களிலேயே புரோகிராம் எழுதுகிற மொழி ஒன்றை இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்ய ஆசை. ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும், ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக வேலை செய்யவேண்டும் என்கிறார்கள். ஒரே ஆளால் ஆகிற காரியமா? விட்டுவிடட்டுமா?" என்றாள்.

விடவேண்டாம் என்றேன். ஏன் என்பதை நம் சங்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நான் இரயில்வேயில் வேலை பார்த்த டிப்ளமோக்காரன். இந்தப் பாடத்தில் நானும் மாணவன்தான்.

கம்பைலர் என்பது என்ன?

கம்ப்யூட்டரின் இயந்திரத்துக்கு எண்களாலான கட்டளை மட்டுமே புரியும். நாம் எழுதும் புரோகிராமை அந்தக் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். இதில் மூன்று பகுதிகள் உண்டு.

"தொகை = 2 + 3 * 4" என்று எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முன்பகுதி இதைச் சொல் சொல்லாகப் பிரித்து, இலக்கணம் சரியா என்று பார்த்து, பெருக்கலை முதலில் செய்யவேண்டும் என்று முடிவு செய்கிறது. இடைப்பகுதி, விடை எப்போதும் 14தான் என்று கண்டு, கணக்கை முன்கூட்டியே முடித்துவிடுகிறது. பின்பகுதி, குறிப்பிட்ட இயந்திரத்துக்கு ஏற்ற கட்டளையை எழுதுகிறது. மடிக்கணினிகள் பலவற்றில் இருக்கும் இன்டெல் சிப்புக்கு ஒரு விதம், கைப்பேசியில் இருக்கும் ஆர்ம் சிப்புக்கு வேறு விதம்.

ஸ்டேஷனில் ஒரு பாடம்

உல்லாஸ்நகர் பிளாட்பாரத்தில் காலை வேளையில் நின்று பாருங்கள். சிந்தி, மராத்தி, தமிழ், குஜராத்தி, மலையாளம் என்று ஐந்து வீட்டு மொழிகள் காதில் விழும். ஒவ்வொருவரும் மற்ற நான்கு மொழிகளையும் கற்றால்தான் பேசலாம் என்றால் யாரும் பேசமாட்டோம். எல்லோரும் இந்தி ஒன்றைத் தெரிந்துகொண்டோம், காரியம் நடக்கிறது.

கம்பைலரிலும் இதே கணக்குதான். ஐந்து புரோகிராம் மொழிகள், நான்கு வகை இயந்திரங்கள் என்றால் தனித்தனியாக 5 x 4 = 20 கம்பைலர்கள் வேண்டும். நடுவில் பொதுவாக ஓர் இடைமொழி வைத்துவிட்டால் ஐந்து முன்பகுதிகள், நான்கு பின்பகுதிகள், ஆக 9 போதும். ஆறாவதாக ஒரு மொழி வந்தால் புதிதாக எழுதவேண்டியது ஒரே ஒரு முன்பகுதி.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜி.சி.சி. கம்பைலருக்குள்ளும் இடைமொழி உண்டு. 2000இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எல்.எல்.வி.எம். என்ற ஏற்பாடு, இடைமொழியையும் பின்பகுதிகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுக் கருவிகளாக ஆக்கியது. அதைத் தொடங்கியவர்கள் கிறிஸ் லாட்னர் என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் விக்ரம் அத்வேயும். அத்வே நம் பவாய் ஐ.ஐ.டி.யில் படித்தவர். ரஸ்ட், ஸ்விஃப்ட், ஜூலியா ஆகிய மொழிகள் எல்லாம் இந்த ஏற்பாட்டின் மேல் எழுந்தவைதான்.

தமிழுக்கு என்ன?

தமிழில் முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற மொழியில் அச்சிடுவதற்கு 'பதிப்பி' என்று எழுதவேண்டும். நிபந்தனையை முதலில் எழுதி, அதன் பிறகு 'ஆனால்' என்று எழுதவேண்டும். ஆங்கிலத்தில் 'இஃப்' முன்னால் வரும்; 'மழை பெய்தால் குடை எடு' என்னும் நமக்கு நிபந்தனைக்குப் பின்னால் வருவதுதான் இயல்பு. எழில் எல்.எல்.வி.எம்.மைப் பயன்படுத்தவில்லை, பைத்தான் மொழியின் மேல் ஓடும் இன்டர்ப்ரெட்டர் அது. ஆனால் சிக்கனம் ஒன்றே. இயந்திரத்தின் கவலையைப் பிறர் செய்து வைத்த கருவியிடம் விட்டுவிட்டு, தமிழைப் பற்றிய வேலையை மட்டும் அவர் செய்தார்.

அந்த வேலையை வெளியார் வந்து நமக்குச் செய்து தரமாட்டார்கள். எந்தச் சொல்லை வைப்பது, எந்த வரிசையில் வைப்பது, தவறு செய்தால் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் தமிழ் தெரிந்தவர் தீர்மானிக்கவேண்டியவை. தாராவியில் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் ஒரு சிறுவனுக்கு "3ஆம் வரியில் அடைப்புக்குறி மூடப்படவில்லை" என்று கம்ப்யூட்டர் சொன்னால், அவன் தானே திருத்திக்கொள்வான். அதே செய்தி புரியாத ஆங்கிலத்தில் வந்தால், தனக்கு இது வராது என்று எழுந்து போய்விடுவான்.

ஓர் எச்சரிக்கை

இரயிலில் எல்லா வேகனுக்கும் ஒரே மாதிரிக் கப்ளர் இருப்பதால்தான் எந்த வேகனையும் எந்த வண்டியிலும் கோக்கலாம். ஆனால் கப்ளரின் வடிவமைப்பிலேயே குறை இருந்தால் எல்லா வண்டிக்கும் ஆபத்து. பொதுக் கம்பைலரும் அப்படியே. யூட்டா பல்கலைக்கழகத்தினர் புரோகிராம்களைத் தாறுமாறாகத் தயாரித்து ஓட்டிப் பார்த்து, சி மொழிக் கம்பைலர்களில் 325க்கும் மேற்பட்ட புதிய பிழைகளைக் கண்டதாக 2011இல் வெளியிட்டார்கள். ஆகவே பொதுக் கருவியை நம்பலாம்; ஆனால் சோதிக்காமல் விடக்கூடாது.

இனி நீங்கள்

எல்.எல்.வி.எம். இலவசம். 'கலைடாஸ்கோப்' என்ற சின்ன மொழியை முதலிலிருந்து கட்டிக் காட்டும் பாடமும் அதனுடனேயே கிடைக்கிறது. அந்தப் பெண் அதைத்தான் ஆரம்பித்திருக்கிறாள். இப்போதைக்குக் கூட்டல், கழித்தல், 'பதிப்பி' மட்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்: (2 + 3) * 4 என்ற கணக்கில் எது முதலில், எது பிறகு என்று ஒரு மரம்போல் வரையுங்கள். பிறகு 'எண் பத்துக்கு மேல் இருந்தால் அச்சிடு' என்பதை உங்கள் சொந்தத் தமிழ்க் கட்டளையாக எழுதிப் பாருங்கள். இரண்டையும் ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.