கடலுக்குப் போகக் கிழமை பாருங்கள்

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் சின்னக் குழந்தைகளை வைத்திருப்பவர்கள் கடலுக்குப் போகலாம் என்று பேச்செடுத்ததும் முதலில் எழும் கேள்வி, எந்த ஊருக்கு என்பதுதான். எந்தக் கிழமையில் என்பதை அதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஊரை நிலவரைபடமே ஏறக்குறைய முடிவு செய்துவிடுகிறது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி சுமார் 270 கிலோமீட்டர். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அதில் 50 குறையும். மேற்கே மங்களூரு அழகான கடற்கரைதான். ஆனால் தூரம் 100 கிலோமீட்டருக்கு மேல் கூடும், நடுவில் சிராடி மலைப்பாதையின் வளைவுகளில் குழந்தைகளின் வயிறு என்ன ஆகும் என்பதைப் பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலூர், காஞ்சிபுரம் வழியாக மாமல்லபுரம் போகலாம். அகலமான நெடுஞ்சாலை, ஓட்டுகிறவருக்குச் சுகம். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் பார்ப்பதற்குச் சிற்பம் இருக்கும் அளவுக்கு மூன்று வயதுக் குழந்தை ஓடி விளையாட நிழலான தெரு இல்லை. ஆகவே புதுச்சேரி. இதில் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

கிழமையில்தான் ஆராய்ச்சி தேவை. காரணம், நாம் போகும் சாலை நம்முடையது மட்டுமல்ல. பெங்களூருக்கும் புதுச்சேரிதான் பக்கத்துக் கடல்; அத்திப்பள்ளியைத் தாண்டி வரும் அந்த வண்டிகள் நம் ஊருக்குள்ளேயே வந்துதான் நமக்கு முன்னால் வரிசை கட்டுகின்றன. வெள்ளி மாலை தொடங்கி சனி முற்பகல் வரை ஓசூர்ச் சாலையும் கிருஷ்ணகிரி டோல்கேட்டும் எப்படி இருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததே. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எல்லையில் குடியிருப்பவர்கள் இரண்டு மாநில நாட்காட்டிகளைப் பார்க்க வேண்டும். நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம்; அது தமிழ்நாட்டுச் சுவர் நாட்காட்டியில் சாதாரண நாள். அந்தத் தேதி வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் பெங்களூருக்கு மூன்று நாள் தொடர் விடுமுறை. நமக்கு விடுமுறை இல்லாத நாளில் நம் சாலை நிரம்பி வழியும், புதுச்சேரியில் அறை வாடகை ஏறி நிற்கும். கர்நாடகப் பள்ளிகளின் தசரா விடுமுறையும் அப்படித்தான். ஆயுத பூஜைக்கு வந்தால் இரட்டைக் கூட்டம்: சிப்காட்டில் இயந்திரங்களுக்குப் பூஜை போட்டுவிட்டு இங்கிருந்து கிளம்புகிறவர்கள் ஒரு பக்கம், அங்கிருந்து வருகிறவர்கள் மறுபக்கம். மூன்றாவதாக இன்னொரு கணக்கும் இருக்கிறது. திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலத்தன்று லட்சக்கணக்கானோர் கூடுவார்கள். வண்டிகளைத் திருப்பி விடுவார்கள். கார்த்திகை தீபத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வேறு எதற்காகவும் பஞ்சாங்கம் புரட்டாதவர்கள்கூட இந்தப் பயணத்துக்கு முழு நிலா என்றைக்கு என்று பார்த்துவிடுவது நல்லது.

அப்படியானால் எப்போதுதான் போவது? செவ்வாய் காலை கிளம்பி வியாழன் திரும்புவது. இரண்டு இரவுகள், ஒரே ஊர், ஒரே அறை. இங்கே ஷிப்ட் வேலையை எல்லோரும் குறையாகவே பேசுகிறோம்; பண்டிகைக்கு ஊருக்குப் போக முடிவதில்லை, கல்யாணத்துக்குப் போக முடிவதில்லை என்று. அந்தக் குறைதான் இந்தப் பயணத்தில் கைகொடுக்கிறது. வார நடுவில் வீக் ஆஃப் வருகிறவர்களும், ஞாயிறு வேலை பார்த்துக் காம்ப் ஆஃப் சேர்த்து வைத்திருப்பவர்களும் பெங்களூர்க்காரர் கனவிலும் நினைக்காத நாட்களில் கடலுக்குப் போகலாம். பள்ளிக்கூடமும் குறுக்கே நிற்காது. எல்.கே.ஜி. பிள்ளை மூன்று நாள் வகுப்புக்கு வராததால் எந்தப் பாடமும் பாழாகிவிடாது. இந்தச் சுதந்திரம் ஐந்து, ஆறு வயது வரைதான். பிறகு தேர்வுகள் வந்துவிடும், நாமும் மற்றவர்களோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்தான் நிற்க வேண்டும். திங்களை நான் ஏன் சேர்க்கவில்லை என்றால், புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. ஞாயிறு கூட்டம் விட்டுப்போன குப்பையும் களைப்பும் அந்த ஊரில் திங்களன்றும் மிச்சமிருக்கும்.

ஜெனரல் ஷிப்டில் இருப்பவர்கள், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வது என்று கேட்பது நியாயம். அவர்கள் மூன்று சி.எல். எடுக்க வேண்டியிருக்கும். அது செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சனி, ஞாயிறில் அறை வாடகை கூடுதல், சாலையில் போகும் நேரம் கூடுதல், உணவகத்தில் மேசைக்காகக் காத்திருக்கும் நேரம் கூடுதல். பெரியவர்கள் காத்திருப்பார்கள். பசியோடு இருக்கும் இரண்டு வயதுக் குழந்தை முக்கால் மணி நேரம் காத்திருக்காது. அதன் அழுகையில் அன்றைய மாலையே போய்விடும். இரண்டு நாள் தவிப்புக்குக் கொடுக்கும் பணத்தைவிட மூன்று நாள் நிம்மதிக்குக் கொடுக்கும் லீவு மலிவு என்றுதான் நான் கணக்குப் போடுகிறேன்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இங்கே பழக்கமாகவே ஆகிவிட்டது. இரவு பத்து மணிக்கு வேனிலோ காரிலோ கிளம்பு, குழந்தைகள் தூங்கிவிடுவார்கள், விடியும்போது கடல், அடுத்த இரவே திரும்பு, அறை வாடகையும் மிச்சம். கேட்பதற்குக் கச்சிதமான யோசனை. குழந்தைகள் தூங்குவது உண்மைதான்; ஓட்டுகிறவர் தூங்கக் கூடாதே. இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே மேலுமலை இறக்கத்தில் நடந்த விபத்துகளே சாட்சி. கிருஷ்ணகிரியைத் தாண்டித் திண்டிவனம் வரை எதிர்வண்டி வரும் சாலை. இரவில் கரும்பு டிராக்டரும் பின்விளக்கு இல்லாத வண்டியும் திடீரென்று முன்னால் நிற்கும். சரி, தனியாக டிரைவர் வைத்துக்கொண்டால்? அப்போதும் நாலு மணிக்குப் போய் இறங்கினால் அறை கிடைப்பது பகல் பதினொன்றுக்கோ பன்னிரண்டுக்கோதான். அந்த ஏழெட்டு மணி நேரம் அரைத்தூக்கக் குழந்தையை, பையோடும் பால்புட்டியோடும் எங்கே வைத்துக்கொள்வது? மிச்சமான வாடகை அங்கே கரைந்துவிடுகிறது. மாறாக, காலை ஆறரைக்கு இட்லி கட்டிக்கொண்டு கிளம்பினால், செங்கத்திலோ திருவண்ணாமலைக்கு முன்போ ஒரு நீண்ட இடைவேளை விட்டு, பிள்ளைகளை வண்டியிலிருந்து இறக்கி ஓட விட்டு, சோற்று நேரத்துக்குப் புதுச்சேரி சேரலாம். ஐந்தரை மணி நேரச் சாலை என்று செயலி சொன்னால் ஏழு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை கடலைத் தவிர வேறு திட்டம் வேண்டாம்.

அங்கே போனபின் நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதைக் கிழக்குக் கரையே சொல்லிக்கொடுக்கும். இங்கே சூரியன் கடலில் உதிக்கிறது. ஆகவே கடலுக்கு நல்ல நேரம் அதிகாலை. சின்னக் குழந்தைகள் எப்படியும் ஆறு மணிக்கு எழுந்து நம்மையும் எழுப்பிவிடுவார்கள். வீட்டில் தொந்தரவாகத் தெரியும் அந்தப் பழக்கம் இங்கே வசதி. ராக் பீச் எனப்படும் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குக் கார் வராத அகலமான தெரு, ஒரு பக்கம் அலை. சிப்காட் பக்கத்துத் தெருக்களில் லாரிக்குப் பயந்து கையைப் பிடித்தே நடக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய விளையாட்டுத் திடல் எதுவும் வேண்டியதில்லை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை; வரும் வழியில் கோட்டையைக் காட்டியிருந்தால், சற்றுப் பெரிய பிள்ளைக்குச் சொல்ல ஒரு கதை கிடைக்கும். ஆனால் இந்தக் கரை நடப்பதற்கு, குளிப்பதற்கு அல்ல. 1980-களில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் மணலின் போக்கை மறித்ததால் கரை அரித்து, பாறைகளைக் கொட்ட வேண்டி வந்தது. பின்னாளில் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்தபின் ஒரு துண்டு மணல் திரும்பியிருக்கிறது. அதைப் பார்த்து ஏமாந்து தண்ணீரில் இறங்க வேண்டாம். மணலில் உட்கார்ந்து விளையாட சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரை இருக்கிறது. 2021-இல் நீலக் கொடிச் சான்று பெற்றது. அங்கேயும் வங்கக் கடல் வங்கக் கடல்தான், இழுப்பு இருக்கும். குழந்தை கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றாலும் பெரியவர் ஒருவர் கடல் பக்கமாக, கைக்கு எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அவர் கையில் போன் இருக்கக் கூடாது.

காலை பத்து முதல் மாலை நாலு வரை அறைதான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு வெயில் தெரியும், புழுக்கம் தெரியாது. கடலோரத்தில் வியர்வை உலராது, கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு கிளம்பும், தண்ணீர் போதாமல் சோர்ந்து விழுவார்கள். பருத்தித் துணி, தொப்பி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அடிக்கடி தண்ணீர்: பையில் இவை இருந்தால் போதும், பாதிப் பொம்மைகளை வீட்டில் விட்டுவிடலாம். பகலில் ஆறு மணி நேரம் அடைந்து கிடக்கப்போகிறோம் என்பதால் அறையைத் தேர்ந்தெடுக்கும்போது கடல் தெரிகிறதா என்று கேட்பதைவிட, நடந்தே கரைக்குப் போக முடியுமா, பால் காய்ச்சிக்கொள்ள வழியிருக்கிறதா, பக்கத்தில் தயிர்சாதம் கிடைக்குமா என்று கேளுங்கள். கடல் தெரியும் மாடி அறை அழகு. அதன் பால்கனிக் கம்பி இடைவெளி வழியே குழந்தை தலையை விடுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாண்டி குடும்பத்தோடு போகிற ஊரா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பதும் உண்டு. மதுவுக்காகவே அந்த ஊருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது பொய்யில்லை. ஆனால் அந்தக் கூட்டம் சனிக்கிழமைக் கூட்டம். கிழமையை மாற்றினால் பெரும்பகுதி கண்ணில் படாது. மிச்சமிருப்பவர்கள் காலை ஆறு மணிக்கு எழுந்து வருகிறவர்கள் அல்லர்! அந்த நேரத்தில் கரையில் நடப்பவர்கள் ஓய்வுபெற்ற உள்ளூர்க்காரர்களும் குழந்தைகளைத் தூக்கி வருகிறவர்களும்தான். திரும்பும்போது எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டியைத் திறக்கச் சொல்வார்கள். நண்பருக்கு என்று ஒரு பாட்டில்கூட எடுத்து வராமல் இருந்தால் அங்கேயும் நேரம் மிச்சம்.

பருவத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை என்று முன்பெல்லாம் சொல்லியிருக்கலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஊரே வெள்ளத்தில் மிதந்தது. அடுத்த நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கடுத்த காலைக்குள் நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டன. நாம் கடலுக்குப் போகும் அதே சாலை வழியாகத்தான் அந்தப் புயல் நம்மிடம் வந்தது. ஆகவே அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வேண்டாம். மழை கரையில் மட்டும் இல்லை, வழி முழுக்க இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் நல்ல மீனும் சுலபத்தில் கிடைக்காது. பொங்கல் கூட்டமும் குடியரசு தினக் கூட்டமும் ஓய்ந்தபின் பிப்ரவரி கடைசி வரை இருக்கும் வாரங்கள்தான் நம் பிள்ளைகளின் உடம்புக்கு ஏற்றவை.

இவ்வளவு தூரம் போய், ஒரு கரையையும் ஓர் அறையையும் பார்த்துவிட்டு வருவதா என்ற கேள்விதான் கடைசியில் எஞ்சும். ஆரோவில் இருக்கிறது, பிச்சாவரம் இருக்கிறது, செஞ்சிக்கோ 2025-இல் யுனெஸ்கோ அங்கீகாரமே கிடைத்துவிட்டது. எல்லாம் பார்க்க வேண்டியவைதான். பத்து வயதுக்கு மேல். ஆரோவில்லில் மாத்ரிமந்திரின் உள்ளறைக்குள் பத்து வயதுக்குக் குறைந்தவர்களை விடுவதில்லை. செஞ்சிக் கோட்டை ராஜகிரியின் படிகளில் நாலு வயதுப் பிள்ளையை ஏற்றினால் பாதியில் நாம்தான் சுமக்க வேண்டும். வேண்டுமானால் நடுவில் வரும் புதன்கிழமை மாலை தாவரவியல் பூங்காவோ சுண்ணாம்பாற்றுப் படகோ, இரண்டில் ஒன்று. கார் இல்லாதவர்கள் இதே கணக்கை ரயிலுக்கும் போடலாம். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை. மைசூருவிலிருந்து ஓசூர் வழியாக இரவில் போகும் ரயில் காலையில் மயிலாடுதுறையில் இறக்கிவிடும், அங்கிருந்து தரங்கம்பாடி அருகில்தான். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையும் எதிரே கடலும், கூட்டமில்லாத ஊர். படுக்கை வசதியோடு போகும் இந்த இரவுப் பயணத்துக்கு முன்பு சொன்ன மறுப்பு பொருந்தாது, ஓட்டுகிறவர் நாமில்லை.

திரும்பும் நாளில் புதுச்சேரியில் எதையும் மிச்சம் வைக்காதீர்கள். காலை உணவு முடிந்ததும் கிளம்பினால் மாலை வெளிச்சத்திலேயே ஓசூர் வந்துவிடலாம். மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்ட் இருந்தால் மட்டும் அந்த வாரம் கிளம்பாதீர்கள், அடுத்த வாரம் பாருங்கள்.